அகராதி பார்க்காத ஆங்கிலச் சொற்கள்

சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. ஊரிலிருந்து என் அம்மா எங்களோடு சில மாதம் தங்க வந்திருந்தார். கழுத்தில் ஒரு சிறு கட்டி இருந்தது. டாக்டர் ஊசி போட்டுத் திசு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். ரிப்போர்ட் வந்த அன்று நான் அலுவலக வேலையாக வெளியூரில் இருந்தேன். என் மனைவியும் வீடு திரும்பவில்லை. எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகன்தான் உறையைப் பிரித்தான்.

"என்னடா போட்டிருக்கு?"

"நெகட்டிவ்னு போட்டிருக்கு பாட்டி."

"அப்படின்னா?"

ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பில் கற்ற சொல்லைப் பயன்படுத்த அவனுக்கு ஒரு வாய்ப்பு. "எதிர்மறை, பாட்டி" என்றான்.

அம்மா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. மருமகளைக் கலங்க வைக்க வேண்டாமென்று உறையைத் தன் பெட்டிக்குள் வைத்துவிட்டார். இரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலை நான் போன் செய்தபோது, "எனக்கு ஒண்ணும் பயமில்லப்பா. உன் தங்கச்சியை மட்டும் ஒருதரம் வரச் சொல்லு" என்றார். குரல் சரியாக இல்லை. மனைவியைக் கூப்பிட்டு ரிப்போர்ட்டை எழுத்துக்கு எழுத்து படிக்கச் சொன்னேன். 'நெகட்டிவ் ஃபார் மாலிக்னன்ஸி' என்று இருந்தது. அதாவது, புற்றுநோய்க்கான அறிகுறி இல்லை! கோயிலுக்குத் தேங்காய் உடைக்க வேண்டிய செய்தியைக் கேட்டுவிட்டு அந்தத் தாய் ஓர் இரவு முழுவதும் பட்டினி கிடந்திருக்கிறார்.

பையன் மேல் தவறில்லை. 'மாலிக்னன்ஸி' என்பது அவனுக்குத் தெரியாத சொல், அதை விட்டுவிட்டான். 'நெகட்டிவ்' தெரிந்த சொல், அதைச் சொன்னான். தெரியாத சொல் நம்மை அகராதியிடம் அனுப்பும். தெரிந்த சொல்தான் ஏமாற்றும். அன்றிலிருந்து இத்தகைய எளிய ஆங்கிலச் சொற்களைக் குறித்து வைப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு வங்கி, மருத்துவமனை, நீதிமன்றம், பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் ஆங்கிலமே பாலம். ஆகவே இது வெறும் மொழி ஆராய்ச்சி அல்ல, வீட்டு விஷயம்.

தொல்காப்பியர் காட்டும் வழி

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது ஆங்கிலத்தின் குறையல்ல. நம் 'நாற்றம்' சங்க நூல்களில் நறுமணம். இன்று மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியது. இந்தச் சிக்கலைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே எடுத்துப் பேசுகிறார். பலபொருள் ஒருசொல்லை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். முதல் வகையில், உடன் வரும் வினை, இனம், சார்பு என்ற மூன்றில் ஒன்று பொருளைக் காட்டிக் கொடுக்கும். இரண்டாம் வகையில் அவை உதவா. சொல்பவரே வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

உரையாசிரியர்கள் 'மா' என்ற சொல்லை வைத்து இதை விளக்குவார்கள். மா பூத்தது என்றால் மரம். பூத்தல் என்ற வினை காட்டுகிறது. மருத மரத்தோடு சேர்த்து மாவைச் சொன்னாலும் மரமே, அது இனம். கவசம் அணிந்து போருக்கு நிற்பவன் மாவைக் கொண்டுவரச் சொன்னால் குதிரை, அது சார்பு. ஆனால் மா வீழ்ந்தது என்று மட்டும் சொன்னால்? மரமும் விழும், குதிரையும் விழும். அங்கே மாமரம் என்றோ மாவாகிய விலங்கு என்றோ விளங்கச் சொல்ல வேண்டும். இந்த அளவுகோல் ஆங்கிலத்துக்கும் அழகாகப் பொருந்துகிறது.

வினையும் இனமும்

'எக்ஸிக்யூட்' என்றால் நம் பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது தூக்கிலிடுவது. பத்திரத்தில் அதே சொல் வந்தால், கையெழுத்திட்டு எழுதிக்கொடுப்பது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே பொருள்தான்: நிறைவேற்றுதல். தண்டனையை நிறைவேற்றினால் உயிர் போகிறது. பத்திரத்தை நிறைவேற்றினால் வீடு கைமாறுகிறது. எதை என்று பார்த்தால் போதும், குழப்பம் இல்லை.

'டிஸ்சார்ஜ்' இன்னும் வேடிக்கை. ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் என்றால் சந்தோஷம். புண்ணிலிருந்து டிஸ்சார்ஜ் என்றால் சீழ், கவலைப்பட வேண்டும். கடனை டிஸ்சார்ஜ் செய்தால் தீர்த்தாயிற்று. குற்ற வழக்கில் டிஸ்சார்ஜ் என்பது, குற்றச்சாட்டு வனைவதற்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிப்பது. முழு விசாரணைக்குப் பின் குற்றமற்றவர் என்று விடுதலை செய்வதற்கு வேறு சொல் உண்டு. பத்திரிகையில் படிக்கும்போது இரண்டையும் நாம் ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம்.

'சாங்ஷன்' நமக்கு மிகப் பிடித்த சொல். லோன் சாங்ஷன் ஆயிடுச்சு, லீவு சாங்ஷன் ஆயிடுச்சு என்றால் வீட்டில் பாயசம். 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்த பின், அமெரிக்கா இந்தியா மீது 'சாங்ஷன்' விதித்தது என்ற செய்தி வந்தது. இங்கே அது தடை, தண்டனை. ஒரே சொல் அனுமதிக்கும் தடைக்கும் எப்படி வந்தது? லத்தீன் மூலத்தில், மீறக்கூடாதது என்று சட்டமாக்குவதே இதன் பொருள். சட்டத்துக்கு இரண்டு கைகள் அல்லவா? ஒரு கை அனுமதிக்கும், இன்னொரு கை தண்டிக்கும். சொல் இரண்டையும் பிடித்துக்கொண்டது.

இனி, இனத்தால் விளங்கும் சொற்கள். கிரயப் பத்திரத்தில் 'கன்சிடரேஷன்' என்ற சொல் வரும். அலுவலகக் கடிதத்தில் இது பரிசீலனை. பத்திரத்தில் விற்பவர், வாங்குபவர், சொத்து என்ற இனத்தோடு வருவதால், கைமாறாகக் கொடுக்கும் விலை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, சில விதிவிலக்குகள் நீங்கலாக, கைமாறு இல்லாத உடன்பாடு செல்லாது. பரிசீலனை என்று நினைத்துக்கொண்டு இந்த விதியைப் படித்தால் தலையும் புரியாது, காலும் புரியாது.

மருத்துவச் சீட்டில் 'அக்யூட்' என்று கண்டதும் ரொம்ப முற்றிவிட்டது என்று பயப்படுகிறோம். கணக்கில் அது குறுங்கோணம். மருத்துவத்தில், திடீரென்று தோன்றிக் குறுகிய காலம் இருப்பது. சாதாரண ஜலதோஷமும் அக்யூட்தான். 'கிரானிக்' என்பது காலம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நாட்பட்டது என்பதே பொருள், கொடியது என்பதல்ல. இரண்டுமே நோயின் காலத்தைச் சொல்கின்றன, கடுமையை அல்ல.

சார்பு: யார் சொல்கிறார்?

சில சொற்களில், பேசுபவர் எந்த நாட்டுக்காரர் என்று தெரிந்தால்தான் பொருள் தெரியும். நம் நாடாளுமன்றத்தில் ஓர் அறிக்கையை 'டேபிள்' செய்தால், அவை முன் வைத்தாயிற்று. பிரிட்டனிலும் அதுவே. அமெரிக்காவிலோ, இப்போதைக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவைப்பது. நேர் எதிர்! இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941 டிசம்பரில் வாஷிங்டனில் தொடங்கிய மாநாட்டில் இதனால் ஒரு சச்சரவே நடந்தது. அதைச் சர்ச்சில் தம் போர் வரலாற்று நூலின் மூன்றாம் தொகுதியில் எழுதியிருக்கிறார். பிரிட்டிஷ் அதிகாரிகள் ஓர் அறிக்கையை அவசரமாக 'டேபிள்' செய்ய விரும்பினர். அமெரிக்க அதிகாரிகளோ அதைக் கிடப்பில் போடப் பார்க்கிறார்கள் என்று எண்ணி எதிர்த்தனர். நெடுநேரம் காரசாரமாக வாதாடிய பிறகே, இரு தரப்பும் கேட்பது ஒன்றையே என்று தெரிந்தது. தாய்மொழி ஆங்கிலமாக உள்ளவர்களுக்கே இந்தக் கதி என்றால் நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம் மணமகள் தேவை விளம்பரங்களில் 'ஹோம்லி' என்று பெருமையாகப் போடுகிறோம். குடும்பப் பாங்கானவள் என்று நமக்குப் பொருள். அமெரிக்காவில் அதே சொல் அழகில்லாதவள் என்பதை நாசூக்காகச் சொல்வது. அங்கே இருக்கும் மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் ஜாக்கிரதை!

'டவுட்' என்ற சொல்லில் நம் தமிழே புகுந்து விளையாடியிருக்கிறது. நமக்குச் சந்தேகம் என்பது ஐயப்பாடும்தான், ஆசிரியரிடம் கேட்கும் கேள்வியும்தான். "சார், ஒரு டவுட்" என்று எழுந்து நிற்கும் மாணவன் இங்கே நல்ல பிள்ளை. மேல்படிப்புக்கு வெளிநாடு போய் அதையே அங்குள்ள பேராசிரியரிடம் சொன்னால், நீங்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று அவர் காதில் விழக்கூடும். 'பாஸ்டு அவுட்' என்பதும் அப்படியே. நாம் படிப்பை முடித்ததைச் சொல்கிறோம்; அவர்கள் மயங்கி விழுந்ததாக எடுத்துக்கொள்வார்கள்.

தமிழுக்குள் வந்த ஆங்கிலச் சொல்லும் சும்மா இருப்பதில்லை. 'நைஸ்' லத்தீனில் அறியாமையைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது. ஆங்கிலத்துக்கு வந்தபோது முட்டாள்தனம், பிறகு நுட்பம், அதன்பின் இனிமை. நம் சமையலறைக்கு வந்ததும், "மாவை நைஸா அரைடி" என்று ஆயிற்று. வேலை சொன்னால் பிள்ளை நைசாக நழுவுகிறான். எந்த இங்கிலீஷ்காரனுக்கும் இது புரியாது. நமக்கு ஒரு நாளும் தடுமாற்றமில்லை. ஏனென்றால் சார்பு நம் வீட்டிலேயே இருக்கிறது.

விளங்கச் சொல்ல வேண்டியவை

கடைசியாக, தொல்காப்பியரின் இரண்டாம் வகை. அக்கம்பக்கம் பார்த்தாலும் பொருள் பிடிபடாத சொற்கள் இவை. ஆபத்தும் இவற்றில்தான் அதிகம்.

'குட் ஃபெய்த்' என்ற தொடர் நம் மத்தியச் சட்டங்களிலேயே இரண்டு விதமாக விளக்கப்பட்டிருக்கிறது. ஜெனரல் கிளாசஸ் ஆக்ட் எனப்படும் 1897-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நேர்மையாகச் செய்திருந்தால் போதும். கவனக்குறைவாக இருந்தாலும் அது நல்லெண்ணமே. இந்திய தண்டனைச் சட்டமோ, உரிய கவனமும் எச்சரிக்கையும் இல்லாமல் செய்ததை நல்லெண்ணம் என்று ஏற்காது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் இந்த விளக்கத்தையே வைத்துக்கொண்டுள்ளது. ஆகவே "நான் நல்ல எண்ணத்துலதான் சார் செஞ்சேன்" என்று ஒருவர் சொன்னால், எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இனி, எங்கள் வீட்டு வில்லனுக்கு வருகிறேன். மருத்துவப் பரிசோதனையில் 'பாசிட்டிவ்' என்றால், தேடியது இருக்கிறது. 'நெகட்டிவ்' என்றால், தேடியது இல்லை. அவ்வளவுதான். நல்லதா கெட்டதா என்பது எதைத் தேடினார்கள் என்பதைப் பொறுத்தது. பிள்ளைக்கு ஏங்கும் பெண்ணுக்குக் கர்ப்பப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்றால் திருவிழா. காசநோய்ப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்றால் பல மாதங்கள் மருந்து. ரத்த வகையில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்பது சிவப்பணுக்களில் ஒரு குறிப்பிட்ட பொருள் உண்டு, இல்லை என்பதை மட்டுமே சொல்கிறது. நெகட்டிவ் ரத்தம் மட்டமான ரத்தமல்ல. 2020-இல் கொரோனா வந்து, பாசிட்டிவ் என்ற சொல்லைக் கேட்டு நடுங்க ஊர் முழுவதற்கும் கற்றுக்கொடுத்தது. அதற்கு முன் அந்தச் சொல், தன்னம்பிக்கைப் புத்தகங்களில் இனிக்க இனிக்க வந்துகொண்டிருந்தது.

பிள்ளைகளுக்குச் சொல்வோம்

நம் வீடுகளில் ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டிகளுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் நம் பிள்ளைகள்தான். அவர்களின் ஆங்கிலம் நம்முடையதைவிட நன்றாகவே இருக்கிறது. ஆனால் பத்திரமும் மருத்துவச் சீட்டும் அவர்கள் பழகாத உலகங்கள். அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியது மூன்றே கேள்விகள். இந்தச் சொல்லோடு எந்த வினை, எந்தச் சொற்கள் சேர்ந்து வருகின்றன? இதை எழுதியவர் யார் – மருத்துவரா, வக்கீலா, வெளிநாட்டுக்காரரா? இரண்டுக்கும் விடை கிடைத்த பிறகும் சந்தேகம் இருந்தால், யாரைக் கேட்கலாம்? டாக்டரிடமே, "இது நல்லதா, கெட்டதா, அடுத்து என்ன செய்யணும்?" என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. பத்திரத்தை எழுதியவரிடமும் அப்படியே.

இன்னொன்றும் உண்டு. சொல்லைச் சொல்லாதே, செய்தியைச் சொல். 'எதிர்மறை' சரியான மொழிபெயர்ப்புதான். ஆனால் பாட்டிக்குத் தேவை மொழிபெயர்ப்பல்ல.

சில ஆண்டுகள் கழித்து அம்மாவுக்கு மறுபடியும் ஒரு பரிசோதனை செய்ய நேர்ந்தது. அப்போது மகன் கல்லூரியில் இருந்தான். ரிப்போர்ட்டை வாங்கி இரண்டு முறை படித்தான். டாக்டருக்குப் போன் செய்து பேசினான். பிறகுதான் பாட்டியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"கட்டியில கெட்டது ஒண்ணும் இல்லையாம் பாட்டி. ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஒருதரம் பார்த்துக்கலாம்னு டாக்டர் சொன்னார். நீங்க சாப்பிடுங்க."

அந்த மூன்று வாக்கியத்தில் நெகட்டிவும் இல்லை, எதிர்மறையும் இல்லை. அம்மா அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டார்.