வாங்காமல் விட்ட வரியை யார் கட்டினார்கள்?

கோட்டாபய ராஜபக்ச இலங்கையின் ஜனாதிபதியாகப் பதவியேற்று இரண்டு வாரம் முடிவதற்குள், 2019 நவம்பர் இறுதியில், அவருடைய அமைச்சரவை பெரிய வரிக்குறைப்பு ஒன்றை அறிவித்தது. வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக இறங்கியது. ஆண்டுக்கு 1.2 கோடி ரூபாய் வியாபாரம் நடந்தாலே வற் வரிக்குப் பதிய வேண்டும் என்றிருந்த வரம்பு, ஒரே தாவலில் 30 கோடி ரூபாய்க்கு ஏறியது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி அடியோடு நீக்கப்பட்டது. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துவந்த வருமான வரியும் நின்றது.

2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடன்களுக்கான தவணைகளை நிறுத்திவைப்பதாக அதே அரசு அறிவித்தது. உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளில்கூட தவணை தவறாத நாடு அது. மே மாதம், கட்டவேண்டிய 7.8 கோடி டாலர் வட்டிக்கான சலுகைக்காலமும் முடிந்துபோக, வரலாற்றில் முதன்முறையாகக் கடன் தவறிய நாடுகளின் பட்டியலில் இலங்கை சேர்ந்தது.

இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் கொரோனா வந்தது, சுற்றுலா படுத்தது, உக்ரைன் போரால் எண்ணெய் விலை ஏறியது. நெருக்கடிக்கு இவையெல்லாம் காரணங்கள்தான். ஆனால் இதே அடிகள் பல நாடுகளின் மீதும் விழுந்தன. இலங்கை மட்டும் ஏன் இவ்வளவு வேகமாகச் சரிந்தது என்று கேட்டால், அரசின் வரவுக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வருமானம் எவ்வளவு குறைந்தது?

1990-களின் தொடக்கத்தில் இலங்கை அரசின் வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 20 சதவீதமாக இருந்தது. அதன்பின் ஆட்சிகள் மாற மாற அது தேய்ந்துகொண்டே வந்து, 2019-இல் 12 சதவீதத்தை ஒட்டி நின்றது. வரிக்குறைப்புக்குப் பிறகு, 2021-இல், 8 சதவீதத்துக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கியது. உலகிலேயே மிகக் குறைவாக வரி திரட்டும் நாடுகளில் ஒன்றாக இலங்கை ஆனது.

வரியைக் குறைத்தவர்களுக்கும் ஒரு வாதம் இருந்தது. 2019 ஏப்ரல் ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வியாபாரம் சோர்ந்து கிடந்தது. மக்கள் கையில் பணம் புழங்கினால் பொருளாதாரம் எழும், எழுந்தால் குறைந்த விகிதத்திலும் கூடுதல் வரி கிடைக்கும் என்றார்கள். அந்த எழுச்சிக்கு நேரம் கிடைக்கவில்லை. சில மாதங்களில் கொரோனா ஊரடங்கு வந்தது. ஆனால் அதற்குப் பிறகும் சலுகைகள் திரும்பப் பெறப்படவில்லை என்பதுதான் முக்கியம். பதிவு வரம்பு உயர்ந்ததால் பட்டியலிலிருந்து விடுபட்ட வியாபாரிகளை மீண்டும் பிடித்துவருவதும் எளிதாக இல்லை. வரி விகிதத்தை ஒரே இரவில் ஏற்றலாம். வரி செலுத்துவோர் பட்டியலை உருவாக்க ஆண்டுகள் ஆகும்.

செலவு மட்டும் குறையவில்லை. அரச ஊழியர் சம்பளம், ஓய்வூதியம், வட்டி ஆகிய மூன்றும் தள்ளிப்போட முடியாதவை. 2020-லும் 2021-லும் அரசுக்கு வந்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் 70 ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போனது. சம்பளம், மருந்து, பள்ளிக்கூடம், சாலை எல்லாவற்றுக்கும் மீதி 30 ரூபாய்க்குள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். முடியாது என்பதால் மறுபடியும் கடன்.

ரூபாய்ப் பற்றாக்குறை டாலர்ப் பற்றாக்குறையாக மாறியது எப்படி?

அரசுக்கு இரண்டு விதமான கடன்கள் உண்டு. உள்நாட்டில் ரூபாயில் வாங்கியது ஒன்று. வெளிநாட்டில் டாலரில் வாங்கியது இன்னொன்று. ரூபாய் போதாவிட்டால் மத்திய வங்கியைக் கொண்டு அச்சடித்துவிடலாம். டாலரை அச்சடிக்க முடியாது. அதை ஏற்றுமதி, சுற்றுலா, வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் பணம் ஆகியவற்றால் ஈட்ட வேண்டும். இல்லையென்றால் கடன் வாங்க வேண்டும்.

இலங்கை 2007-இல் 50 கோடி டாலருக்கு முதல் சர்வதேச இறைமை முறியை, அதாவது வெளிச்சந்தையில் விற்கும் அரசுக் கடன்பத்திரத்தை, வெளியிட்டது. அதற்குமுன் உலக வங்கியிடமும் ஜப்பானிடமும் குறைந்த வட்டியில், நீண்ட தவணையில் கடன் வாங்கிவந்த நாடு, அதன்பின் சந்தையில் கூடிய வட்டிக்கு வாங்கப் பழகியது. ஒரு முறி முதிரும்போது அதை அடைக்க இன்னொரு முறியை விற்பது வழக்கமாயிற்று. புதிய முறியை வாங்க ஆள் இருக்கும்வரை இந்த ஏற்பாடு ஓடும். வருமானம் சரிந்ததைக் கண்ட தரமதிப்பீட்டு நிறுவனங்கள் 2020-இல் இலங்கையின் மதிப்பீட்டைக் கீழிறக்கியபோது அந்தக் கதவு மூடிக்கொண்டது.

இனி நடந்தவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்தவை. வெளியே கடன் கிடைக்காததால், அரசு விற்ற திறைசேரிப் பத்திரங்களை மத்திய வங்கியே வாங்கியது. புதிதாக அச்சான ரூபாய் சந்தைக்குள் இறங்கியது. அந்த ரூபாயோடு இறக்குமதித் தேவையும் வந்தது. அப்போது ரூபாயின் மதிப்பு தானாக இறங்கியிருக்க வேண்டும். ஆனால் ஒரு டாலருக்கு 200 ரூபாயை ஒட்டியே மாதக்கணக்கில் பிடித்துவைத்தார்கள். வெளிச்சந்தையில் அதைவிடக் கூடுதலாகக் கிடைத்ததால், வளைகுடாவில் உழைப்பவர்கள் வங்கியை விட்டு, உண்டியல் எனப்படும் முறைசாரா வழியில் பணம் அனுப்பினார்கள். 2020-இல் 710 கோடி டாலராக இருந்த அந்த வரவு, 2021-இல் 550 கோடியாகக் குறைந்தது. இரசாயன உரத்துக்குச் செலவாகும் டாலரையும் மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணமும் சேர்ந்து, 2021-இல் உர இறக்குமதிக்குத் தடை வந்தது. விளைச்சல் சரிந்து அரிசியையே இறக்குமதி செய்ய நேர்ந்தது.

2019 முடிவில் 760 கோடி டாலராக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பில், 2022 ஏப்ரலில் உடனடியாகச் செலவிடக் கூடியது 5 கோடி டாலருக்கும் கீழே போய்விட்டது. இதற்கிடையிலும், 2022 ஜனவரியில் முதிர்ந்த 50 கோடி டாலர் முறியை அரசு முழுமையாகக் கட்டியது. சில வாரங்களில் எரிபொருள் கப்பலுக்குக் கொடுக்கப் பணமில்லை. கடன்காரரிடம் முன்கூட்டியே போய்ப் பேசியிருந்தால் அந்தப் பணம் கையில் நின்றிருக்கும் என்ற விமர்சனம் இன்றும் உண்டு.

பெயர் வரி இல்லை, வசூல் அதேதான்

வாங்காமல் விட்ட வரி மறைந்துவிடவில்லை. அது வேறு வழிகளில், வேறு ஆட்களிடம் வசூலானது.

முதல் வழி விலைவாசி. 2022 மார்ச்சில் ரூபாயைப் பிடித்துவைப்பதை விட்டுவிட்டதும் இரண்டு மாதங்களில் ஒரு டாலர் 360 ரூபாயானது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைப் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். உணவுப் பொருட்களுக்கு 90-ஐத் தாண்டியது. ஆகஸ்ட் மாதம் ஒரே நாளில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனது. வடக்கில் படகோட்டும் மீனவருக்கும், மலையகத்தில் லயன் அறையில் அடுப்பெரிக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் விழுந்த அடி அது. 2019-இன் வருமான வரிச் சலுகையில் இவர்களுக்குப் பங்கு இருந்ததில்லை. வருமான வரி கட்டும் அளவுக்கு இவர்கள் சம்பாதித்ததே இல்லை.

இரண்டாவது வழி சேமிப்பு. பணவீக்கம் 70 சதவீதமாக இருக்கும்போது அரசின் ரூபாய்க் கடனின் உண்மைச் சுமை கரைகிறது. அரசுக்கு அது லாபம். அந்தக் கடனைக் கொடுத்தவர்களுக்கு, அதாவது வங்கியில் போட்டுவைத்தவர்களுக்கும் ஓய்வூதிய நிதிகளுக்கும் அதே அளவு நஷ்டம். 2023-இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது பாரம் பெரும்பாலும் ஊழியர் சேமலாப நிதியம் போன்ற ஓய்வூதிய நிதிகளின் மீதே விழுந்தது. தன்னிடமிருந்த பத்திரங்களைக் குறைந்த வட்டிப் பத்திரங்களாக மாற்றிக்கொள்ளாத நிதிக்கு வரி 14 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகும் என்றது அரசு. வங்கிகளின் ரூபாய்ப் பத்திரங்கள் தொடப்படவில்லை. தொட்டால் வங்கிகளே விழுந்துவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம். தனியார் துறைத் தொழிலாளியின் முதுமைக்கால வருமானம் இப்படித்தான் நாட்டின் கடன் கணக்கைச் சமன்செய்யப் பயன்பட்டது.

மூன்றாவது வழி ஆட்கள். 2022-இல் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் பதிவு செய்து கிளம்பினார்கள். வடக்கிலிருந்து சில குடும்பங்கள் படகேறி ராமேஸ்வரம் கரைக்கு வந்தன. இந்தியா கடனும் உதவியுமாக ஏறத்தாழ 400 கோடி டாலர் அளித்தது. தமிழ்நாடு அரசு அரிசி, பால்மா, மருந்து ஏற்றிய கப்பல்களை அனுப்பியது. வறுமையில் வாழ்வோரின் பங்கு ஓராண்டில் 13 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக, ஏறக்குறைய இரட்டிப்பானதாக உலக வங்கி மதிப்பிட்டது.

கடன் எப்போது தாங்கும்?

ஒரு நாட்டின் கடன் தாங்கக்கூடியதா என்பதை அதன் மொத்தத் தொகை மட்டும் முடிவுசெய்வதில்லை. கடன் பொருளாதாரத்துக்குச் சமமாக, அதாவது 100 சதவீதமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி வட்டி 10 சதவீதம், பொருளாதாரம் விலையேற்றத்தையும் சேர்த்து 6 சதவீதம் வளர்கிறது. அப்படியானால், கடன் இன்னும் ஏறாமல் அதே நிலையில் நிற்பதற்கே, வட்டி தவிர்த்த செலவுகள் போக அரசு ஆண்டுதோறும் உற்பத்தியில் ஏறத்தாழ 4 சதவீதம் மிச்சம் பிடிக்க வேண்டும். இதற்கு முதன்மை உபரி என்று பெயர். வட்டிக்கும் வளர்ச்சிக்கும் உள்ள இடைவெளி விரிந்தால் இந்தச் சுமையும் ஏறும்.

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் 48 மாதங்களுக்கு ஏறத்தாழ 300 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. இலங்கைக்கு அது 17-ஆவது திட்டம். கடனை 2032-க்குள் உற்பத்தியில் 95 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவதும், 2025-இல் 2.3 சதவீத முதன்மை உபரி காண்பதும் அதன் இலக்குகள். வருமானத்தைக் கூட்ட வற் வரி 8-லிருந்து 12, 15 எனப் படிப்படியாக ஏறி, 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. குறைப்பதற்கு முன்பிருந்ததைவிட 3 சதவீதப் புள்ளிகள் அதிகம்.

வெளிநாட்டுக் கடன்காரர்களும் விட்டுக்கொடுத்தார்கள். 2024 ஜூன் 26 அன்று, பிரான்ஸ், இந்தியா, ஜப்பான் தலைமையிலான நாடுகள் 580 கோடி டாலர் கடனுக்கும், சீன எக்சிம் வங்கி 420 கோடி டாலர் கடனுக்கும் தவணையைத் தள்ளிவைக்கச் சம்மதித்தன. அந்த ஆண்டு டிசம்பரில் முறிக்காரர்கள் மூலத்தொகையில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் விட்டுக்கொடுத்தனர். பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட வேகமாக வளர்ந்தால் அவர்களுக்குக் கூடுதலாகத் திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனை.

இனி நடக்காமல் இருக்க என்ன செய்தார்கள்?

2023-இன் மத்திய வங்கிச் சட்டம், அரசுக்காகப் பணம் அச்சடிப்பதைத் தடுக்கிறது. 2024-இன் பொது நிதி முகாமைத்துவச் சட்டம், வட்டி தவிர்த்த செலவுக்கு உற்பத்தியில் 13 சதவீதம் என்று வரம்பு கட்டுகிறது. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நெருக்கடிக்கு ராஜபக்ச சகோதரர்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவரும் உள்ளிட்டோர் பொறுப்பு என்றும், மக்கள் ஒப்படைத்த பொறுப்பை அவர்கள் மீறினார்கள் என்றும் தீர்ப்பளித்தது.

கணக்குகள் தேறியிருக்கின்றன. 2024-இல் பொருளாதாரம் 5 சதவீதம் வளர்ந்தது, பணவீக்கம் அடங்கியது. ஆனால் உபரி காணச் செலவைச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது சாலை, மருத்துவமனை, நீர்ப்பாசனம் போன்ற முதலீடுகள். வற் வரியோ ஏழை வாங்கும் பொருளிலும் பணக்காரர் வாங்கும் பொருளிலும் ஒரே விகிதத்தில் ஏறுகிறது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, மீட்புக்கும் மறுகட்டுமானத்துக்கும் மீண்டும் வெளியே கைநீட்ட வேண்டியிருந்தது. நாடுகளிடம் வாங்கிய கடனின் அசலைத் திருப்பிக் கட்டுவது 2028-இல்தான் தொடங்குகிறது.

செலவுக்கு வரம்பு கட்டும் சட்டம் வந்துவிட்டது. வரவுக்கு அப்படி ஒரு காவல் இல்லை. 2019-இன் முடிவை எடுக்க ஒரு அமைச்சரவைக் கூட்டம் போதுமானதாக இருந்தது. அடுத்த தேர்தலில் யாராவது வரியைக் குறைப்போம் என்று சொன்னால், அந்தத் தொகையை எந்தக் கணக்கிலிருந்து ஈடுகட்டுவார்கள் என்று எழுத்தில் கேட்கும் வழக்கம் நாடாளுமன்றத்துக்கும் வாக்காளருக்கும் வர வேண்டும். அந்தக் கேள்விக்கு அன்றே பதில் சொல்லவில்லை என்றால், மண்ணெண்ணெய் வாங்குபவரும் சேமலாப நிதியில் பணம் போட்டவரும் பின்னால் சேர்ந்து கட்டுவார்கள்.