ஸ்பிரிங்கை மட்டும் வெட்டாதீங்க!

என்னிடம் இருப்பது முதல் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட், 1.3 லிட்டர் பெட்ரோல். 2005இல் இந்த மாடல் வந்தபோது கோவைப் பையன்கள் கிறங்கிப் போனார்கள். லேத் பட்டறைக்காரன் என்பதால் எனக்கு ஸ்பானர் பிடிக்கக் கூச்சம் கிடையாது. ஞாயிறானால் வண்டி ஸ்டாண்டு மேல் ஏறிவிடும்.

வண்டியை மாற்றியமைக்கக் கிளம்பும் இளவட்டங்களுக்கு முதல் ஆசை, அதைத் தாழ்த்துவதுதான். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழையக்கூடாது. அதற்குக் காசு செலவில்லாத வழி, ஸ்பிரிங்கில் ஒரு சுற்றைக் கிரைண்டர் வைத்து அறுப்பது. பார்க்க ஜம்மென்றுதான் இருக்கும். ஓட்டினால் தெரியும் சங்கதி.

வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அது அமுங்கி எழும் ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். ஷாக்குக்குள் இருக்கும் எண்ணெய் பிஸ்டனின் பொடித் துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு போகும்போது, ஆட்டத்தின் சக்தி சூடாகிக் கரைகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று அளந்து செய்தவை. சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைக்கும். பழைய ஷாக்கால் அதைக் கட்டுப்படுத்த முடியாது, வண்டி துள்ளும். போதாததற்கு, சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது வெட்டுப்பட்ட ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நழுவவும் வாய்ப்புண்டு.

நம் ஊர் ரோட்டையும் பார்க்க வேண்டும். வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்கலாம் என்கிறது இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல். எங்கள் தெருவில் அதே உயரத்தை ஒன்றரை அடிக்குள் அடக்கியிருக்கிறார்கள், மகானுபாவர்கள்! ஸ்விஃப்டின் தரை இடைவெளி 170 மி.மீ. அதில் 40ஐக் கழித்துவிட்டு வயிறு உரசாமல் எப்படி வீடு சேர்வது?

அதனால் உயரத்தில் நான் கை வைக்கவில்லை. கம்பெனி அளவிலேயே கேஸ் நிரப்பிய ஷாக், புது மவுண்ட், பம்ப் ஸ்டாப், லோயர் ஆர்ம் புஷ். இவ்வளவுதான் மாற்றினேன். முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே ஸ்ட்ரட்டாக வரும். ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸர் போட்டு இறுக்கி, மேல் தட்டு கையால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்த பிறகே உச்சி நட்டைத் தொடலாம். அமுங்கிக் கிடக்கும் ஸ்பிரிங் தெறித்தால் தாடையைப் பெயர்த்துவிடும். கம்ப்ரஸர் இல்லாதவர்கள் ஸ்ட்ரட்டைக் கழற்றிப் பட்டறையில் கொடுத்துவிடுவதே உத்தமம். பின்பக்கம் சுலபம்: இரண்டு பக்கமும் ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி அச்சை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும்.

அவசரக்காரர்கள் கவனிக்காத ஒரு விஷயம்: சக்கரம் தொங்கும் நிலையில் லோயர் ஆர்ம் போல்ட்டை முழுக்க முறுக்கக்கூடாது. முறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு புஷ்ஷின் ரப்பர் எந்நேரமும் திருகிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி முறுக்கு. அப்புறம் நேரே வீல் அலைன்மென்ட்.

பலன்? ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பின்சீட்டில் இருந்த அக்கா மகன் வழியில் ஒருமுறைகூடப் பாலிதீன் பை கேட்கவில்லை.

உட்புறத்தில் என் காசு போனது சத்தத்தைக் குறைக்கத்தான். கலர் விளக்கு, சிவப்புத் தையல் போட்ட சீட் கவர் எல்லாம் அவரவர் ரசனை. ஆனால் சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள கார்களுக்குச் சாதாரண உறை போட்டால், அது ஏர்பேக்கை விரியவிடாமல் தடுக்கும். விளக்குக்கு ஒயர் இழுப்பவர்கள் தனி ஃப்யூஸ் போடாமல் இழுக்கக்கூடாது.

சத்தத்தை அடக்கும் வேலை கதவுக்குள். கதவுப் பேடைக் கழற்ற ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். பிளாஸ்டிக் நெம்பி போதும். கைப்பிடிக் குழிக்குள் ஒளிந்திருக்கும் திருகை முதலில் எடுக்காமல் இழுத்தால் பேடு விரியும். உள்ளே வெளித்தகட்டைத் துடைத்து, அதிர்வை அடக்கும் பியூட்டைல் ஷீட்டை ஒட்டி, உருளையால் அழுத்த வேண்டும். முன்பு தட்டினால் தகர டப்பாவாக அதிர்ந்த கதவு, இப்போது 'டொப்' என்கிறது. கண்ணாடி வழியே இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேறக் கதவின் அடியில் ஓட்டைகள் இருக்கும். ஷீட் அவற்றை அடைக்கக்கூடாது. பேடுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தாளையும் பழையபடி ஒட்டிவிட வேண்டும். அதைத் தூக்கி எறிந்தவர்களின் காரில்தான் மழைக்காலத்தில் மேட் ஊறி நாறுகிறது.