குரலிழந்த பக்கங்கள்: ஃபிளாஷில் முடங்கிய பழைய இணையத்தளங்களைத் திறப்பது எப்படி?

சென்ற மாதம் இடம்பெயர்வு பற்றிய கட்டுரை ஒன்றுக்காக, 2010 இல் ஓர் இணையத்தளம் வெளியிட்ட ஒலிப்படத் தொகுப்பைத் தேடினேன். மெனிக் பாம் முகாமிலிருந்து ஊர் திரும்பிய தாயொருவர் தன் கதையைச் சொல்லச் சொல்ல, புகைப்படங்கள் மாறிக்கொண்டிருக்கும். ஊடகக் கற்கை வகுப்பில் எங்களுக்குக் காட்டிய தொகுப்பு அது. பக்கம் திறந்தது. தலைப்பும் இருந்தது. தொகுப்பு இருந்த இடத்தில் சாம்பல்நிறப் பெட்டி மட்டுமே.

அது அடோபியின் ஃபிளாஷில் செய்யப்பட்டது. ஒருகாலத்தில் உலாவிகளால் காணொளியைத் தாமாக இயக்க முடியாது. அதற்காக ஃபிளாஷ், ஜாவா, சில்வர்லைட் போன்ற செருகுநிரல்களை நாம் தனியே நிறுவினோம். அவற்றின் பாதுகாப்பு ஓட்டைகள் வழியே தீநிரல்கள் கணினிகளுக்குள் புகுந்தன. எச்.ரி.எம்.எல். 5 வந்ததும் அவற்றின் தேவையும் குறைந்தது. அடோபி 2020 டிசம்பர் 31 உடன் ஃபிளாஷைக் கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் ஏற்கெனவே நிறுவியிருந்த பிளேயர்களும் இயங்க மறுத்தன. தென்னாபிரிக்க வரித் திணைக்களமோ, ஃபிளாஷில் இருந்த தன் படிவங்களைத் திறப்பதற்கென்றே தனி உலாவியொன்றை அம்மாதம் வெளியிட வேண்டியதாயிற்று.

வழி தேடியபோது, 'ஃபிளாஷின் புதிய பதிப்பு' எனக் கூறித் தரவிறக்கத்துக்கு அழைத்தது ஒரு தளம். அழுத்தப்போன கையை எடுத்துவிட்டேன். உலாவிக்கான ஃபிளாஷை அடோபி இப்போது பொதுமக்களுக்கு வழங்குவதில்லை. அப்படித் தருவதாகச் சொல்பவர்களை நம்பவேண்டாம். பழைய பதிப்பைத் தேடி நிறுவுவதும் ஆபத்துத்தான். எங்களைப் போன்றோரின் கணினியில் எங்களை நம்பிப் பேசியவர்களின் பெயர்களும் தொலைபேசி இலக்கங்களும் இருக்கின்றன.

பாதுகாப்பான வழிகள் இவை:

முதலாவது, ரஃபிள். குரோம், பயர்பொக்ஸ் ஆகியவற்றில் சேர்க்கக்கூடிய இந்தக் கட்டற்ற மென்பொருள், ஃபிளாஷ் இல்லாமலே ஃபிளாஷ் கோப்புகளை இயக்குகிறது. எளிய அசைவூட்டங்கள் நன்றாக ஓடும்; சிக்கலானவை சில ஓடாது.

இரண்டாவது, பக்கத்தின் மூலநிரலைப் பார்ப்பது. முடங்கியது பிளேயர்தான், காணொளியும் ஒலியும் பெரும்பாலும் தனிக் கோப்புகளாக வழங்கியிலேயே கிடக்கும். மூலநிரலில் எஃப்.எல்.வி. அல்லது எம்.பி. 3 என முடியும் முகவரி கிடைத்தால், அக்கோப்பைத் தரவிறக்கி வீ.எல்.சி. பிளேயரில் திறக்கலாம்.

மூன்றாவது, தளமே மறைந்திருந்தால் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பழைய முகவரியைக் கொடுத்துப் பார்க்கலாம்.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைக் கேட்கும் அலுவலகத் தளங்களின் கதை வேறு. 2022 ஜூன் 15 இல் ஓய்வுபெற்ற அந்த உலாவிக்குப் பதிலாக, மைக்ரோசொஃப்ட் எட்ஜில் 'ஐ.ஈ. மோட்' உண்டு. குறைந்தது 2029 வரை அதற்கு ஆதரவு தருவதாக அந்நிறுவனம் கூறியுள்ளது. ஆனால் ஃபிளாஷ் அதிலும் ஓடாது.

என் தேடலில் ரஃபிள் முதற் படத்தோடு நின்றுவிட்டது. மூலநிரலில் எம்.பி. 3 முகவரி இருந்தது. அந்தத் தாயின் குரலை மீண்டும் கேட்டேன். படங்கள் கிடைக்கவில்லை. யாருடைய முற்றத்தைப் பற்றி, எந்த மரத்தைப் பற்றி அவர் சொல்கிறார் என்பது இனி அந்தப் படங்களை வைத்திருப்பவருக்கே தெரியும்.

பழைய தளங்களை நடத்தியவர்களிடம் ஒரு வேண்டுகோள். மூலக் கோப்புகள் உங்கள் வன்தட்டில் இன்னும் இருக்கலாம். தள முகவரியின் காலம் முடியுமுன், அவற்றைச் சாதாரணக் காணொளியாக மாற்றி மீண்டும் ஏற்றிவிடுங்கள்.