பச்சை 'டிக்' வந்தால் போதுமா? மென்பொருள் கோப்புகளின் நிலைக்குறிகள் உணர்த்துவது என்ன?

ஸ்ரீ சிட்டி: ஆந்திர மாநிலம் திருப்பதி மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஸ்ரீ சிட்டியில் தொழிற்சாலைகளுடன், 2013-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஐஐஐடி கல்வி நிறுவனமும் இயங்கி வருகிறது. இத்தகைய நிறுவனங்களில் குழுவாக நிரல் எழுதப் பழகும் மாணவர்களுக்கு இன்றியமையாதது பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள். ஒரு கோப்பில் யார், எப்போது, எதை மாற்றினார் என்பதைப் பதிவு செய்வதே இதன் பணி. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய 'கிட்' இவற்றுள் பரவலாகப் பயன்படுகிறது.

குறிகளின் பொருள்

விண்டோஸ் கணினியில் 'டார்ட்டாய்ஸ்கிட்' போன்ற செயலியை நிறுவினால், கோப்புகளின் மீது சிறு குறிகள் தோன்றும்.

* பச்சை 'டிக்': கடைசிப் பதிவுக்குப் பின் மாற்றம் இல்லை.
* சிவப்பு ஆச்சரியக்குறி: கோப்பு மாற்றப்பட்டுள்ளது, இன்னும் 'கமிட்' செய்யப்படவில்லை.
* நீலக் கூட்டல் குறி: புதிதாகச் சேர்க்கப்பட்டு, பதிவுக்குக் காத்திருக்கிறது.
* மஞ்சள் முக்கோணம்: இருவர் செய்த மாற்றங்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன, பயனரே தீர்வு காண வேண்டும்.

எங்கே தவறு நேர்கிறது?

பச்சைக் குறியைக் கண்டதும், கோப்பு சர்வருக்குச் சென்றுவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். இது தவறான புரிதலாகும். கிட் மென்பொருளில் 'கமிட்' செய்தால் அந்தப் பதிவு சொந்தக் கணினியில் மட்டுமே இருக்கும். 'புஷ்' செய்த பிறகே அது சர்வரைச் சென்றடையும். ஆனால் கமிட் செய்தவுடனேயே குறி பச்சையாகிவிடும். அந்த இடைவெளியில் மடிக்கணினி பழுதானாலோ தொலைந்தாலோ, பல நாள் உழைப்பு வீணாகக்கூடும்.

குறியே தெரியாவிட்டால்?

விண்டோஸ் இயங்குதளத்தில் இத்தகைய குறிகளுக்கு 15 இடங்களே உள்ளன. அவற்றில் சிலவற்றை விண்டோஸே எடுத்துக்கொள்கிறது. எஞ்சியவற்றுக்கு ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற செயலிகளும் போட்டியிடுகின்றன. பெயரின் அகர வரிசையில் முந்தியவைக்கே இடம் கிடைப்பதால், சில குறிகள் தோன்றாமல் போகலாம். எனவே, குறி இல்லை என்பதால் கோப்பில் மாற்றமில்லை என முடிவு செய்யக் கூடாது.

பணியை முடிக்கும் முன் 'கிட் ஸ்டேட்டஸ்' கட்டளையை இயக்கிப் பார்ப்பதே பாதுகாப்பானது. தொலைவிலுள்ள கிளையுடன் இணைக்கப்பட்டிருந்தால், இன்னும் அனுப்பப்படாத கமிட்டுகளின் எண்ணிக்கையையும் அது தெரிவித்துவிடும்.