வாசல் வேற, கதவு வேற: செஞ்சிக் கோட்டையில் ஒரு சொல் தேடல்

(எபிசோடில் பேசியதை, வாசிக்க வசதியா கொஞ்சம் சுருக்கித் தந்திருக்கோம்.)

சென்னையில இருக்கிறவங்களுக்கு யானைகவுனி தெரிஞ்சிருக்கும். சென்ட்ரல் பக்கத்துல பாலம் இருக்கே, அதேதான். இங்கிலீஷ்ல அதுக்கு எலிஃபண்ட் கேட்னு பேரு. யானைன்னா எலிஃபண்ட், சரி. அப்போ கவுனின்னா கேட்டா?

ஆமா, ஆனா எல்லா கேட்டும் கவுனி இல்லை. உங்க அபார்ட்மெண்ட் கேட்டை யாரும் கவுனின்னு சொல்ல மாட்டாங்க. கோட்டைக்கோ ஊர் மதிலுக்கோ இருக்கிற பெரிய வாசலுக்குத்தான் அந்தப் பேரு. தெலுங்குலயும் கன்னடத்துலயும் இதுக்கு ரொம்ப நெருங்கின சொல் இருக்கு. நாம தினமும் பஸ்ல அந்தப் பேரைக் கேக்குறோம், அர்த்தம் மட்டும் கையை விட்டுப் போயிடுச்சு.

இதை ஏன் இப்போ பேசணும்னா, செஞ்சிக்காக. 2025 ஜூலையில யுனெஸ்கோ ‘மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ங்கிற பேர்ல 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க. 11 மகாராஷ்டிராவுல இருக்கு. மிச்சம் ஒண்ணு நம்ம விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி. இனிமே கூட்டம் வரும், புது போர்டு வரும், ஆடியோ கைடு வரும். அதெல்லாம் முதல்ல இங்கிலீஷ்ல எழுதப்பட்டு, அப்புறம் தமிழுக்கு வரத்தான் வாய்ப்பு அதிகம். கேட், டோர், என்ட்ரன்ஸ், கேட்வே எல்லாத்துக்கும் ‘நுழைவாயில்’னு ஒரே சொல்லைப் போட்டு முடிச்சிட்டா, கோட்டையில பார்க்க வேண்டியதுல பாதி கண்ணுல படாமலே போயிடும். ஏன்னா கோட்டை கட்டினவங்க மூளையை அதிகமா செலவழிச்ச இடமே வாசல்தான்.

முதல்ல அடிப்படைக்கு வருவோம். இங்கிலீஷ்ல டோர்ங்கிறது ரெண்டு வேலை பார்க்கும். மூடித் திறக்குற பலகையும் டோர், நாம நுழைஞ்சு போற இடமும் டோர். தமிழ்ல அப்படி இல்லை. பலகைன்னா கதவு, இடம்னா வாசல். கதவைச் சாத்தலாம், வாசல்ல நிக்கலாம். ‘கதவுல நிக்கிறான்’னு சொன்னா சிரிப்பாங்க. கதவைத் தாங்குற சட்டம் நிலை. கீழே மிதிக்காம தாண்டச் சொல்லுவாங்களே, அது வாசப்படி.

வாசல்ங்கிற சொல்லையும் பிரிச்சுப் பாருங்க. ஸ்கூல்ல இலக்கணப்போலின்னு படிச்சோம், ஞாபகம் இருக்கா? இல்வாய், அதாவது வீட்டோட வாய், முன்பின்னா மாறி வாயில்னு ஆச்சு. பேச்சுல ‘ய’ இருந்த இடத்துல ‘ச’ வந்து உட்கார்ந்து வாசல். உயிர் உசிரு ஆன அதே கதை. ஆக, நம்ம ஆளுங்களுக்கு வீட்டு முன்பக்கம் ஒரு வாய். கோட்டைக்கும் அதே வாய்தான், கொஞ்சம் கடிக்கிற வாய்.

இங்கே ஒரு சின்னச் சுத்து. இங்கிலீஷ் டோர், சமஸ்கிருத த்வார், பாரசீகத்துத் தர், செக் மொழியில த்வெர்ஜெ, நாலும் ஒரே வேர்ல இருந்து வந்தவை. துவாரபாலகர்னா வாசல் காக்குறவர். நாகூர் தர்கான்னு சொல்றோமே, தர்காங்கிற பாரசீகச் சொல்லுக்கே வாசல் இருக்கிற இடம்னுதான் பொருள். ஆனா துவாரம் தமிழுக்கு வந்து சுருங்கிப்போய் வெறும் ஓட்டை ஆயிடுச்சு, பாவம். செக்காரங்க த்வெர்ஜெயை ஒரே கதவுன்னாலும் பன்மையிலதான் சொல்லுவாங்க. அதோட, நடந்து நுழையுற இடத்துக்கு ஒரு சொல், வண்டி நுழையுற இடத்துக்கு வேறொரு சொல். ஒவ்வொரு மொழியும் வாசலை அதோட தேவைக்குத் தகுந்த மாதிரி வெட்டி வெச்சிருக்கு.

சரி, செஞ்சிக்குத் திரும்புவோம். திண்டிவனத்துல இருந்து திருவண்ணாமலை போற ரோடு கோட்டைக்குள்ளேயேதான் போகுது. ஒரு பக்கம் கிருஷ்ணகிரி, இன்னொரு பக்கம் ராஜகிரி. அந்த ரோட்டுக்காக மதிலை உடைச்சு வழி விட்டிருக்காங்க. அதனால பஸ்ல போற நாம எந்த வாசல் வழியாவும் செஞ்சிக் கோட்டைக்குள்ளே நுழையறதில்லை. உடைப்பு வழியா நுழையறோம். 1690ல இருந்து 1698 வரைக்கும் எட்டு வருஷம் மொகலாயத் தளபதி சுல்ஃபிகர் கான் இந்தக் கோட்டையைப் பிடிக்கப் போராடினார். உள்ளே சிவாஜியோட மகன் ராஜாராம். கோட்டை விழறதுக்கு முன்னாடியே ராஜாராம் தப்பிச்சுப் போயிட்டார். எட்டு வருஷம் எடுத்த இடத்தை நாம எட்டு செகண்டுல தாண்டுறோம்.

நிஜமான வாசல்களைப் பார்க்கணும்னா இறங்கி நடக்கணும். வெளி மதில்ல வடக்கே வேலூர் வாசல், ஆற்காட்டு வாசல்னும் சொல்லுவாங்க. கிழக்கே புதுச்சேரி வாசல். பேரைக் கவனிங்க. வாசலுக்குப் பேரு அது இருக்கிற ஊரை வெச்சு இல்லை, அது பார்க்குற ஊரை வெச்சு. ஆற்காட்டுல டெல்லி கேட் இருக்கு. டெல்லியில லாகூர் கேட், லாகூர்ல டெல்லி கேட். அந்தக் காலத்து வழிகாட்டிப் பலகையே வாசல்தான்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச சொல் திட்டிவாசல். பெரிய கோட்டைக் கதவுக்குள்ளேயே சின்னதா ஒரு கதவு வெட்டியிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. பெரிய கோயில் கோபுரக் கதவுலயும் உண்டு. ரெட்டைக் கதவைத் திறக்கப் பல பேர் வேணும். ராத்திரியில ஒரு ஆளுக்காக அதைத் திறக்கிறது ஆபத்தும்கூட, பின்னாடியே ஒரு படை வந்துட்டா? அதனால திட்டிவாசல். உயரம் வேணும்னேதான் குறைச்சல். வர்ற ஆள் குனியணும், காலைத் தூக்கி வைக்கணும், தலைதான் முதல்ல உள்ளே வரும். உள்ளே கத்தியோட ஒருத்தன் நிப்பான். ஒரே நேரத்துல ரெண்டு பேர் வர முடியாது. இதை ‘சிறிய நுழைவாயில்’னு எழுதினா அந்தக் கத்திக்காரன் காணாமப் போயிடுறான்!

கன்னடத்துல இதுவே திட்டி பாகிலு, மராத்தியில திண்டி தர்வாஜா. யார் யாருகிட்ட வாங்கினதுங்கிற சண்டைக்குள்ளே நான் போகலை. ஆனா செஞ்சி கை மாறின வரிசையைப் பாருங்க: நாயக்கர்கள், 1649ல பீஜப்பூர் படை, 1677ல சிவாஜி, 1698ல மொகலாயர், 1750ல பிரெஞ்சுக்காரங்க, 1761ல இங்கிலீஷ்காரங்க. தெலுங்கும் மராத்தியும் பாரசீகமும் பேசின சிப்பாய்கள் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா காவல் நின்ன வாசல்கள் இது. சொல்லும் கூடவே நடந்து போயிருக்கும்.

கதவு இப்போ இல்லாத கல் வாசல்லயும் அது இருந்த அடையாளம் கிடைக்கும். பழைய கதவுக்குக் கீல் கிடையாது. மேலேயும் கீழேயும் நீட்டிக்கிட்டு இருக்கிற குடுமியிலதான் சுத்தும். அந்தக் குடுமி உட்கார்ந்த வட்டக் குழியைத் தரையிலயும் மேல்கல்லுலயும் தேடுங்க. பக்கச் சுவர்ல எதிரெதிரா துளை இருந்தா, அது குறுக்கே போட்ட கணையமரத்துக்கானது.

ராஜகிரி உச்சிக்கு ஏறினா கடைசியில வேற மாதிரி ஒரு வாசல். சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழத்துக்கு ஒரு பாறைப் பிளவு, அதுக்கு மேல பாலம். பாலத்தை எடுத்துட்டா வழியே கிடையாது. இதுக்கு என்ன பேர் வெப்பீங்க? கதவு இல்லை, நிலை இல்லை, ஆனா மொத்தக் கோட்டையிலயே இதைவிடக் கெட்டியா சாத்தக்கூடிய இடம் வேற இல்லை.

உங்க ஊர்ல திட்டிவாசலுக்கு வேற பேர் உண்டா? தாத்தா பாட்டிகிட்ட கேட்டு, அவங்க குரல்லயே பதிவு பண்ணி அனுப்புங்க.