பரிசோதனைச் சாலையில் ஒரு கோடை

கோடை விடுமுறையில் கல்லூரி மாணாக்கர் தோட்ட வேலைக்கு உதவுவது திண்டுக்கல் பக்கத்து வழக்கம். சிறுமலை வாழைக் குடியானவர் ஒருவரின் மகள், உயிரியல் பட்ட வகுப்பு மாணவி, சென்ற கோடையில் வாழைத் திசு வளர்ப்புப் பரிசோதனைச் சாலை ஒன்றில் இரண்டு மாதம் பயின்று திரும்பினாள். அவள் கற்றது நம் குடியானவர் யாவர்க்கும் பயன்படுமாதலின் இங்கு எழுதலாயிற்று.

சிறுமலை வாழையையும் விருப்பாச்சி வாழையையும் வெகுவாக அழித்தது முடிக்கொத்து வியாதி. 1889ஆம் ஆண்டில் பிஜித் தீவில் முதன்முதல் குறிக்கப்பட்ட இவ்வியாதி, 1940ஆம் ஆண்டளவில் இலங்கையிலிருந்து கேரளப் பகுதிக்கு வந்தது. இதற்குக் காரணம் கண்ணுக்குப் புலப்படாத நச்சுயிரி. அதனை மரத்துக்கு மரம் சுமந்து செல்வது வாழை அசுவினி என்பதை 1920களில் ஆஸ்திரேலியாவில் மகீ என்பார் ஆராய்ந்து நிறுவினார். வியாதி கண்ட தூரின் கன்றுகள் வழியாகவும் அது பரவும்.

குருத்தின் நுனியை வெட்டி, கிருமி நீக்கிய குழாயில், சர்க்கரையும் உப்புக்களும் கலந்த கூழில் வளர்ப்பது அப்பெண்ணின் வேலை. முதல் தடவை வைத்த குழாய்கள் யாவற்றிலும் பூஞ்சணம் பூத்தது. திறந்த குழாயின்மேல் கணப்பொழுது கை நீட்டியதே பிழை. அனைத்தையும் கொட்டி, பிழையைக் குறிப்பேட்டில் எழுதி, மீண்டும் தொடங்கினாள். பார்வைக்குச் செழிப்பான கன்றொன்று சோதனையில் நச்சுயிரி உடையதாகக் காணப்பட்டதும் அங்கேதான்.

ஊர் திரும்பியவள், தந்தையின் தோட்டத்தில் வியாதி கண்ட தூரொன்றைக் காட்டி, "இதை முழுவதும் அழித்துவிடுங்கள், அப்பா" என்றாள். "பக்கக் கன்றுகள் நன்றாகத்தானே இருக்கின்றன, அம்மா?" என்றார் அவர். தான் கொட்டிய குழாய்களையும் சோதனையில் தவறிய கன்றையும் பற்றி அவள் கூறினாள். மறுநாள் தூர் முழுவதும் தோண்டப்பட்டது.

குடியானவர்கள் கவனிக்க வேண்டுவன: இலைகள் குறுகி நிமிர்ந்து உச்சியில் கொத்தாக நிற்பதும், காம்பிலும் நரம்பிலும் கரும்பச்சைக் கோடுகளும் புள்ளிகளும் தோன்றுவதும் இவ்வியாதியின் அடையாளம். முதலில் மருந்து தெளித்து அசுவினியைக் கொல்க. பின்னரே கிழங்குடன் தூரைத் தோண்டி அழிக்க. திசு வளர்ப்புக் கன்று வியாதியற்றதாயினும், பின்னர் வியாதி பற்றாதென்பதில்லை. ஆதலால் அண்டைத் தோட்டமும் சுத்தமாயிருத்தல் அவசியம்.

இந்திய அறிவியல் கழகங்கள் மூன்று சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சிப் பயிற்சித் திட்டத்தைக் கிராம அதிகாரிகள் பெற்றோர்க்கு எடுத்துரைப்பார்களாக. இரண்டு மாதம் தோட்டத்தில் ஓராள் குறையலாம். அதனால் ஒரு தோட்டமே தப்புதலும் கூடும்.