பெட்டியில் 180 நிமிடம், வீட்டில் எத்தனை?

காஜாங்கில் எங்களுடையது மூன்று அறை கொண்ட வரிசை வீடு. முட்டிவலியால் அம்மாவால் குனிந்து பெருக்க முடியவில்லை. தவணையில் ஒரு ரோபோ வேக்கும் வாங்கினோம். பெட்டியில் ‘180 நிமிடம்’ என்று கொட்டை எழுத்து. வானொலிப் பணி முடிந்து வந்து, ஒரு வாரம் கைக்கடிகாரத்தோடு அதன் பின்னால் நடந்தேன்.

குறைந்த வேகத்தில், வெறும் டைல்ஸ் தரையில் 160 நிமிடம் ஓடியது. உறிஞ்சும் வேகத்தை உச்சத்தில் வைத்ததும் 70தான். கம்பளத்தில் ஏறினாலும் தூரிகையில் முடி சுற்றினாலும் மோட்டார் கூடுதலாக உழைக்கும்; பேட்டரி சீக்கிரம் இறங்கும். ஆனால் எங்கள் கீழ்த்தளத்தை நடுத்தர வேகத்தில் முடிக்க 50 நிமிடமே போதுமாக இருந்தது. பெட்டியில் உள்ள எண்ணைவிட இந்தக் கணக்குதான் முக்கியம்.

மின்கட்டணத்துக்கும் பயம் வேண்டாம். 14.4 வோல்ட், 5,200 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியில் அடங்குவது சுமார் 75 வாட் மணி. முழுதாகச் சார்ஜ் செய்ய ஏறக்குறைய பத்தில் ஒரு யூனிட்தான்.

லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. மதிய வெயில் விழும் கண்ணாடிக் கதவோரம் சார்ஜரை வைக்காதீர்கள். எப்படிப் பார்த்துக்கொண்டாலும் வருடங்கள் போகப் போக அதன் கொள்ளளவு குறையும். அதனால் கடைக்காரரிடம் விலைக்கு முன்பே கேளுங்கள்: “மாற்று பேட்டரி தனியாகக் கிடைக்குமா?”